ஊசியின் காது

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேசுதற்குத் தலைப்பு ஒன்று தருமாறு செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "ஊசி" என்று சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், "அம்மா, மருத்துவ முகாம் அடுத்த மாதந்தான். இது இலக்கிய விழா" என்றார். இருவரும் சிரித்தோம். எனினும் நான் தலைப்பை மாற்றவில்லை. இன்று ஊசியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பேசி முடிக்கும்போது இவ்வவையின் முன் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டிய கடனும் எனக்கு உண்டு.

ஊசி மிகச் சிறிய பொருள். அதனாலேயே அது நம் கண்ணில் படுவதில்லை, காலில் தைக்கும்வரை. நம் மரபுக் கதைகளை நினைத்துப் பாருங்கள். வள்ளுவர் உணவருந்தும்போது அருகில் ஒரு கிண்ணத்தில் நீரும் ஓர் ஊசியும் வைத்திருப்பாராம். சிந்தும் பருக்கையை ஊசியால் எடுத்து நீரில் கழுவி உண்பதற்காகவாம். வாசுகி அம்மையார் பரிமாறியபோது ஒரு பருக்கையும் சிந்தாமையால் அந்த ஊசிக்கு வேலையே இல்லாமற் போயிற்றாம். பட்டினத்தாரைத் துறவியாக்கியதும் காதறுந்த ஓர் ஊசி என்பர். இவ்விரண்டு ஊசிகளும் புகழ் பெற்றவை. ஆனால் இரண்டுமே ஒரு தையலும் தைக்கவில்லை. ஒன்று பருக்கைக்குக் காத்திருந்தது. மற்றொன்று உலகப் பற்றையே அறுத்தது. தைக்கின்ற ஊசியைக் காணவேண்டுமாயின் நாம் புறநானூற்றுக்குப் போகவேண்டும். அங்கே பிறகு போவோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். துளைப்பதை ஊசி என்கிறோம்; காட்டுவதை முள் என்கிறோம். தையல் ஊசி, கோணியூசி, குத்தூசி, குண்டூசி ஆகியன துளைப்பன. கடிகார முள்ளும் தராசு முள்ளும் காட்டுவன. இரண்டுக்கும் நடுவே நிற்பது காந்த ஊசி. அது துளைப்பதில்லை, திசையைக் காட்டுகிறது. ஆயினும் ஊசி என்ற பெயரையே தக்கவைத்துக்கொண்டது. நூல் கோக்கும் துளைக்கு ஆங்கிலேயர் 'கண்' என்று பெயரிட்டனர். தமிழர் 'காது' என்று பெயரிட்டோம். கண் பார்க்கும்; காது கேட்கும். இந்த வேற்றுமையைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் நாள்தோறும் மின்தொடர் வண்டியில் செல்கின்றவர்கள். கிண்டியில் ஏறித் தாம்பரத்தில் இறங்கும் அந்தச் சிறு பயணத்திலேயே எத்தனை ஊசிகளைக் கடந்து வருகிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன்.

கிண்டியில் 1948-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பி.சி.ஜி. தடுப்பு மருந்து ஆய்வகம் இருக்கிறது. உங்கள் இடத் தோளைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலோர்க்கு அங்கே ஒரு சிறு தழும்பு இருக்கும். அது காசநோய்த் தடுப்பூசியின் முத்திரை. அந்த மருந்தைத் தசைக்குள் செலுத்துவதில்லை. தோலின் அடுக்குகளுக்கு இடையே செலுத்துகிறார்கள். அதற்கு 26 என்னும் எண்ணுடைய மெல்லிய ஊசி வேண்டும். மருத்துவ ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். தையல் இயந்திர ஊசியிலோ எண் கூடக்கூட ஊசி தடிக்கும். ஒரே பொருள், ஒரே எண்முறைபோல் தோற்றம், முற்றும் எதிரான பொருள். சொற்களிலும் இத்தகைய இடர்கள் உண்டென்பதைப் பாவலர்களாகிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தடுப்பூசியின் வரலாற்றிலும் நம் வட்டாரத்திற்கு ஓர் இடமுண்டு. 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களிடையே பெரும் ஆய்வொன்று தொடங்கப்பெற்றது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்ற முடிவே கிடைத்தது. குழந்தைகளுக்கு மூளைக் காய்ச்சலாக முற்றும் கொடிய காசநோயை அது தடுக்கிறது என்பதால் இன்றும் பிறந்த குழந்தைகளுக்கு இடுகிறோம். எதிர்பார்த்த விடை வராதபோதும் வந்த விடையை ஏற்றுக்கொண்டார்கள். ஊசியையும் எறிந்துவிடவில்லை, அதன் எல்லையையும் மறைக்கவில்லை. இந்த நேர்மையை நான் மதிக்கிறேன்.

வண்டி மீனம்பாக்கத்தைக் கடக்கிறது. வானூர்தி ஓடுபாதையின் தலைப்பில் பெரிதாக 07 என எழுதியிருக்கும். மறுமுனையில் 25 என்றிருக்கும். அவை வரிசை எண்கள் அல்ல. காந்த ஊசி காட்டும் வடக்கிலிருந்து ஏறத்தாழ எழுபது பாகை, மறுபுறம் இருநூற்று ஐம்பது பாகை என்பதன் சுருக்கம். அத்தனை பெரிய வானூர்தியும் நிலத்தைத் தொடுமுன் ஓர் ஊசியின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பாதையிலேயே இறங்குகிறது.

அடுத்தது குரோம்பேட்டை. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் அமைந்த பெயர் அது. தோலைத் தைக்கும் ஊசிக்கு முனை வேறு. துணி ஊசியின் முனை உருண்டு கூரியதாக இருக்கும். தோல் ஊசியின் முனையோ முப்பட்டையாக, கத்திபோல் அறுத்துச் செல்லும். பனியன் துணிக்குரிய ஊசியின் முனை சற்றே மழுங்கியது. அது இழையைக் குத்தாமல் இழைகளை விலக்கி நடுவே நுழையும். குத்திவிட்டால் ஓரிழை அறுந்து, கண்ணி கண்ணியாகத் துணி முழுதும் பிரிந்துவிடும். அறுவை மருத்துவரின் ஊசியும் இவ்வாறே: தோலுக்கு அறுக்கும் முனை, குடலுக்கு உருண்ட முனை. எதைத் தைக்கிறோம் என்பதே முனையை முடிவு செய்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

பிறகு தாம்பரம் சானடோரியம். 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து நிறுவிய காசநோய் இல்லம் ஒரு தொடர்வண்டி நிலையத்திற்கே பெயராயிற்று. ஸ்டிரெப்டோமைசின் 1943-இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் காசநோயாளிக்கு மருந்தாக இருந்தவை காற்றும், ஓய்வும், உணவும். அம்மருந்து ஊசிவழி வந்தபின் எத்தனையோ பேர் நடந்தே வீடு திரும்பினர். மருத்துவ ஊசியின் சிறப்பு அதன் முனையில் இல்லை. அது உள்ளே குழலாக இருப்பதில் இருக்கிறது. உடல் முழுதுமே காதாகிவிட்ட ஊசி அது. உள்ளே வழியில்லாத ஊசி குத்தலாம். நோயைத் தீர்க்க இயலாது.

அதே நிலையத்தில் இறங்கினால் ஏற்றுமதி வளாகம். 1984-இல் அமைந்தது. 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமாயிற்று. அதனுள் இயங்கிய ஆயத்த ஆடைக் கூடங்களுக்கு, காலையில் சாப்பாட்டுப் பையும் கழுத்தில் அடையாள அட்டையுமாகப் பெண்கள் விரைந்து செல்வதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். பார்த்ததற்கு மேல் ஒன்றும் அறிந்ததில்லை.

அவர்கள் கையாளும் ஊசியில் ஒரு புதுமை உண்டு. கையூசியின் காது வாலில் இருக்கும். ஊசி முழுவதும் துணியைக் கடந்து மறுபுறம் போய், நூலை இழுத்துக்கொண்டு மீண்டு வரும். இயந்திரத்தால் ஊசியை விட்டுவிட்டுப் பிடிக்க முடியாது. ஆகவே காதை முனைக்கு அருகே கொண்டுவந்தார்கள். அத்தகைய ஊசியோடு அமைந்த இயந்திரத்திற்கு அமெரிக்கரான எலியாஸ் ஹோவே 1846-இல் காப்புரிமை பெற்றார். முனை சிறிதே துணிக்குள் இறங்குகிறது. நூலை ஒரு கண்ணியாக விட்டு மேலேறுகிறது. கீழே பாபினின் நூல் அக்கண்ணிக்குள் புகுந்து பிணைகிறது. உலகம் உடுத்தும் ஆடைகளுள் பெரும்பகுதி, காது இடம்மாறிய அந்த ஊசியால் தைக்கப்படுகிறது. கேட்பதைக் கடைசிக்கு ஒத்திவைக்காமல், குத்தும் இடத்திலேயே கேட்கத் தொடங்கியபோதுதான் வேகம் பிறந்தது என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு.

இனிப் புறநானூற்றுக்கு வருவோம். டாக்டர் உ.வே.சா. 1894-இல் பதிப்பித்து நமக்களித்த அந்நூலின் 82-ஆம் பாட்டு. பாடியவர் சாத்தந்தையார். பாடப்பெற்றவன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் மல்லனொருவனோடு பொருத போரின் விரைவைச் சொல்ல வருகிறார் புலவர். ஊரில் விழாத் தொடங்கிவிட்டது. வீட்டில் மனைவிக்குப் பேற்று வலி. மழை கொட்டுகிறது. பொழுதும் சாய்கிறது. இத்தனைக்கும் நடுவே கட்டிலுக்கு வார் பின்னி முடித்தாக வேண்டிய ஒருவன் கையில் இருக்கும் ஊசி எத்துணை விரைந்து செல்லும்! அதனினும் விரைந்தது அரசன் போர் என்பது கருத்து.

இருபது ஆண்டுகளாக இப்பாட்டை நான் வகுப்பில் நடத்தி வருகிறேன். திணை வாகை என்பேன். உவமைச் சிறப்பு என்பேன். புலவர் அந்தத் தொழிலாளியைக் குறித்த சொல் இழிவானது என்பதையும், அவ்வாறு இழித்துப் பேசப்பட்டவன் கை ஊசியே வேந்தன் வீரத்துக்கு அளவுகோலாயிற்று என்பதையும் எடுத்துரைப்பேன். மாணவியர் குறித்துக்கொள்வர். பாடம் முடியும்.

சென்ற ஆண்டு அப்பாடம் முடிந்தபோது, பின்வரிசையில் எப்போதும் பேசாதிருக்கும் மாணவி ஒருத்தி எழுந்தாள். "அம்மா, அந்த ஆளோட ஊசி ஒடைஞ்சிருந்தா என்னம்மா பண்ணியிருப்பான்?" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். "ஏனம்மா கேட்கிறாய்?" என்றேன்.

அவள் தாய் ஆயத்த ஆடைக் கூடமொன்றில் தையல் வேலை செய்கிறார். அவள் சொன்னாள்: "ஊசி ஒடைஞ்சா மிஷினு நிக்கும்மா. எல்லாத் துண்டும் கிடைச்சாத்தான் புது ஊசி தருவாங்க. துண்டையெல்லாம் டேப்புல ஒட்டி, தேதி போட்டு, மிஷின் நம்பர் போட்டு நோட்டுல வைப்பாங்க. ஒரு சின்னத் துண்டு கிடைக்கலேன்னாலும் அந்தப் பீஸு எல்லாத்தையும் தனியா எடுத்துத் தேடணும். டார்கெட் போயிடும். அதனால எங்கம்மா வேகமாத் தைக்கறப்பவும் பயந்துகிட்டேதான் தைக்கும். இந்தப் பாட்டுல வேகம் மட்டும் சொல்லியிருக்காங்க. அவனுக்குப் பயம் இருந்திருக்காதாம்மா?"

அவள் சொன்னது முற்றும் உண்மை என்பதைப் பின்னர்க் கேட்டறிந்தேன். ஏற்றுமதியாகும் ஆடையில், அதிலும் குழந்தைகள் ஆடையில், ஊசித்துண்டு ஒன்று தங்கிவிட்டால் ஊறு விளையும். ஆகவே ஒடிந்த ஊசியின் துண்டுகளைச் சேர்த்து முழு ஊசி ஆகிறதா என்று பொருத்திப் பார்க்கிறார்கள். தைத்து முடித்த ஆடைகளை உலோகத்தைக் கண்டறியும் கருவியினூடே செலுத்துகிறார்கள். சில ரூபாய் விலையுள்ள ஓர் ஊசிக்கு இத்தனை கணக்கு.

அம்மாணவியின் கேள்வி எனக்குப் பாட்டை மீண்டும் திறந்து காட்டியது. விழா, பேறுகாலம், மழை, மாலை என நான்கும் அவனை விரட்டுகின்றன. ஆயினும் கைத்தவறி ஊசி ஒடிந்தால் நான்கும் கெடும். ஆகவே அவன் விரைவு கண்மூடிய விரைவன்று. தவறுதற்கு இடமில்லாத விரைவு. மற்போரிலும் அதுவே நிலை. ஒரு பிடி தவறினால் அரசன் மண்ணில். சாத்தந்தையார் கண்டது அந்த உவமையைத்தான் என்று இப்போது நினைக்கிறேன். முனைவர்ப் பட்ட ஆய்வு எனக்குத் தராத இவ்விளக்கத்தைத் தையற்காரர் ஒருவரின் மகள் தந்தாள்.

அன்பர்களே, இனி நான் சொல்ல வேண்டிய செய்திக்கு வருகிறேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் புறநானூறு அன்று. நம் வட்டத்தின் நான்காம் ஆண்டில், ஒரு மாலைக் கூட்டத்தில், அதுவரை யாரும் கண்டிராத ஒரு பெண் தாளொன்றை மடித்து எடுத்து வந்து கவிதை படித்தார். உங்களுள் சிலர்க்கு நினைவிருக்கலாம். ஊசி ஒடிந்தால் அதன் துண்டுகளைத் தேடுகிறார்கள், எங்களுள் ஒருத்தி ஒடிந்து வீழ்ந்து வேலைக்கு வராமற் போனால் தேடுவார் இல்லையே என்பது அதன் கருத்து. படித்து முடித்து அவர் அமர்ந்தார். கருத்துரைக்கும் முறை அன்று எனக்கு.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? மூன்று இடங்களில் சந்திப் பிழை என்றேன். பிறகு, "ஒடிந்த ஊசியை யாரம்மா தேடுவார்? குப்பையில் எறிந்துவிட்டு வேறோர் ஊசியை எடுப்பார்கள். உவமை உலகியலோடு பொருந்த வேண்டும்" என்றேன். அவையில் சிலர் தலையசைத்தனர். அந்தப் பெண் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. தாளை முன்பிருந்த மடிப்பிலேயே மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அடுத்த திங்கள் வரவில்லை. அதன்பின் வரவே இல்லை. நாமும் தேடவில்லை. அக்கவிதை உண்மையைத்தான் சொன்னது என்பதை நாமே மெய்ப்பித்துக் காட்டினோம்.

உவமை பொருந்தாமல் இல்லை. அதன் உலகத்தை நான் அறியாதிருந்தேன். அறியாததைக் கேட்டறியாமல் தீர்ப்புச் சொன்னேன். என்னிடம் முனை இருந்தது, காது இல்லை.

குத்துவது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. விடுதலை ஏட்டில் குருசாமி அவர்கள் எழுதியபோது 'குத்தூசி' என்னும் புனைபெயரைத்தான் கொண்டார். திரைப்படத் திறனாய்வுக்குப் பெயர்போன இதழொன்று 'குண்டூசி' என்னும் பெயரையே தாங்கியது. அரிசி மண்டியில் மூட்டையைக் குத்தி உள்ளிருக்கும் அரிசியை வெளியே கொணர்ந்து காட்டும் கருவிக்கும் குத்தூசி என்றே பெயர். மேலே நல்லரிசியும் உள்ளே நொய்யுமாகக் கட்டிய மூட்டைகள் அரசியலிலும் இலக்கியத்திலும் உள்ளவரை அந்தக் கருவியும் வேண்டும். ஆனால் மூட்டைக்கு உரியதை மூட்டையிலேயே குத்தவேண்டும். பனியன் துணியில் கோணியூசியை இறக்கலாமா? முதன்முறை மேடையேறும் எழுத்து அந்தத் துணியைப் போன்றது. ஓரிழை அறுந்தால் முழுதும் பிரிந்துவிடும். அதற்கு இழைகளை விலக்கி நுழையும் முனையும், நூல் தாங்கிய காதும் வேண்டும். அன்று நான் சந்திப் பிழைகளைத் தனியே சொல்லித் திருத்தியிருக்கலாம். அதற்குமுன், "ஊசித் துண்டைத் தேடுவார்கள் என்றீர்களே, எப்படித் தேடுவார்கள்?" என்று ஒரேயொரு கேள்வி கேட்டிருக்கலாம்.

ஊசி இடங்கொடுத்தால்தான் நூல் நுழையும் என்று ஒரு பழமொழியைப் பெண்கள்மேல் எறிவதுண்டு. வழக்கு மன்றங்களிலும் பட்டிமன்றங்களிலும் அதைக் கேட்டுக் கைதட்டியவர்கள் உண்டு. அது பெண்ணையும் அறியாத பழமொழி, ஊசியையும் அறியாத பழமொழி. ஊசியின் காது நூலுக்கு இணங்கிக் கிடப்பதற்காக அமைந்ததன்று. நூலைத் தன்னோடு அழைத்துச் சென்று, பிரிந்திருக்கும் இரண்டு துணிகளைச் சேர்ப்பதற்காக அமைந்தது. வேலை முடிந்ததும் ஊசி வெளியே வந்துவிடும். ஆடையில் நிற்பது நூல்தான். ஊசியின் பெயர் எங்கும் இராது.

இந்தப் பத்தாண்டு நிறைவில் வட்டத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நம் கூட்டங்கள் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தொடங்குகின்றன. அந்நேரத்தில் தையற்கூடங்களில் வேலை முடிந்திருக்காது. கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றுங்கள். வரக்கூடியவர்களுக்கு வசதியில்லாத நேரத்தில் கதவைத் திறந்துவைத்து, யாரும் வரவில்லையே என்று நாம் வருந்துவது முறையன்று.

இரண்டாவது, நம் வட்டாரத் தொழில்களின் சொற்களைத் தொகுப்போம். பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் தாம்பரத்திலும் தோல் தைப்பவர், சாக்குத் தைப்பவர், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவர், செருப்புத் தைப்பவர் ஆகிய ஒவ்வொருவரிடமும் ஊசிக்கும் தையலுக்கும் தனிச்சொற்கள் இருக்கின்றன. இளங்கவிஞர்கள் ஆளுக்கொரு தொழிலை எடுத்துக்கொண்டு, ஓராண்டு கேட்டு எழுதி வந்தால் அடுத்த மலருக்கு அதுவே சிறந்த பகுதியாக அமையும். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகாதே என்று பழமொழி சொல்லும். விற்கப் போகவேண்டாம், கற்கப் போவோம்.

மூன்றாவது வேண்டுகோள் எனக்கே உரியது. அந்தப் பெண்ணின் பெயர் நம் வருகைப் பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்துத் தருமாறு செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். நானே சென்று தேடுவேன். கிடைத்தால் அக்கவிதையை மீண்டும் படிக்குமாறு கேட்பேன். அவர் மறுத்தாலும் அது அவர் உரிமை. தேடினார்கள் என்பதாவது அவருக்குத் தெரியட்டும்.